இரத்தக் குழாய்க்குள் நுழைந்த வெயில்

இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த குழுவினர், "ஹாஸ்டல் கதை வேண்டாம் சார், அதை எல்லாரும் எழுதிட்டாங்க. நீங்க இயற்பியல் படிச்சவர், ஏதாவது விஷயமா எழுதுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். விஷயம் தேடி நான் அதிகம் அலையவில்லை. நம் சந்திப்பு நாளன்று பெயர் பதிவு செய்கிற மேஜையருகே ஐந்து நிமிடம் நின்றாலே போதும். ஒரு காலத்தில் "எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டுக்கொண்ட நாம், இப்போது "உனக்கு எத்தனை ஸ்டென்ட்?" என்று கேட்டுக்கொள்கிறோம். போன சந்திப்பில் ஒரு நண்பர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "ஏண்டா, கண்ணுக்கு லேசர் வைக்கிறாங்க, தோலுக்கு வைக்கிறாங்க. இந்த அடைப்பை லேசர் வச்சுக் கரைச்சுட முடியாதா? எதுக்கு இந்தக் கம்பி வேலை எல்லாம்?" என்றார்.

கை கழுவுகிற இடத்தில் நின்று பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியல்ல அது. அதற்குப் பின்னால் நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. நடுவில் ஒரு தவறான யோசனை, அதன்மேல் பெரிய ஆரவாரம், பிறகு ஒரு சரியான யோசனை, அதற்குக் கிடைத்த பாதி வெற்றி என்று அது பல படிகளாகப் போகிறது. அந்தச் சரியான யோசனையைக் கண்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். நம் வேதியியல் துறை நண்பர்கள் பலருக்கே அவர் பெயர் தெரியவில்லை என்பதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அடைப்பு என்றதும் எல்லோரும் நெஞ்சிலிருந்து தொடங்குவார்கள். நான் காலிலிருந்து தொடங்குகிறேன். வரலாறும் அங்கிருந்துதான் தொடங்கியது. என் ஊருக்கும் அதுதான் பொருத்தம்.

என் ஊர் பிரம்மதேசம். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிரம்மதேசம் அல்ல. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் வருகிற பிரம்மதேசம். எங்கள் பக்கத்தில் கிழக்கே போனால் உப்பளம்தான். பொங்கல் கழிந்து வேலை தொடங்கும். வடகிழக்கு மழை இறங்கினால் நின்றுவிடும். பாத்தி மிதிப்பதும் உப்பு வாருவதும் வெறுங்காலில்தான் நடக்கும். காலில் கீறல் இல்லாத ஆள் அங்கே கிடையாது. நல்ல இரத்த ஓட்டம் இருப்பவனுக்கு அந்தக் கீறல் ஆறிவிடும். காலுக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டவனுக்கு அது ஆறாது. முதலில் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்; நின்றால் சரியாகிவிடும். பிறகு நிற்கும்போதும் வலிக்கும். அப்புறம் விரல் கறுக்கும். பீடியும் சர்க்கரையும் சேர்ந்தால் இந்தப் படிகளை வேகமாக இறங்கிவிடலாம். கடைசிப் படியில் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: காலை எடுப்பது.

1964ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், இந்த நிலையில்தான் 82 வயது மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே மருத்துவர், தொடையில் இருந்த அடைப்புக்குள் முதலில் ஒரு மெல்லிய கம்பியையும், அதன்மேல் ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களையும் செலுத்தி வழியை அகலப்படுத்தினார். கத்தியும் தையலும் இல்லாமலே கால் பிழைத்தது. அந்த அம்மையார் தம் சொந்தக் காலில் இன்னும் இரண்டரை ஆண்டுக்கு மேல் நடந்தார். அந்த நாட்டு அறுவை நிபுணர்கள் டாட்டரை ஒரு பைத்தியக்காரர் மாதிரிதான் பார்த்தார்கள். ஐரோப்பாவில் சிலர் மட்டும் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

அப்படிப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் சூரிக் நகரில் இருந்த ஆண்ட்ரியாஸ் குருன்சிக். குழாயைத் திணிப்பதற்குப் பதில், நுனியில் சிறு பலூனை வைத்து, உள்ளே போன பிறகு ஊதினால் என்ன என்பது அவர் யோசனை. தம் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்தப் பலூன்களைத் தம் கையாலேயே செய்து பார்த்தார். 1977 செப்டம்பர் 16ஆம் தேதி 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனியில் அதை முதன்முதலாக ஊதினார். பத்து ஆண்டு கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது. அதைப் பார்க்கக் குருன்சிக் இல்லை. 1985 அக்டோபரில் அவர் ஓட்டிய சிறு விமானம் விழுந்து இறந்துபோனார். அதற்கு முன்பு அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். 1986இல் சென்னை அப்போலோ மருத்துவமனையில் இந்தியாவின் முதல் இதயத் தமனி பலூன் சிகிச்சையைச் செய்தவர் இவர்தான். 2000இல் பத்மஸ்ரீ பெற்றார். 2025 ஏப்ரலில் காலமானார். நம் நண்பர்கள் நெஞ்சில் இன்று உட்கார்ந்திருக்கிற கம்பிகளுக்கெல்லாம் இந்த வழியில்தான் வம்சாவளி எழுத வேண்டும்.

பலூனில் ஒரு குறை இருந்தது. அது அடைப்பை அகற்றுவதில்லை, ஓரமாக ஒதுக்கித் தள்ளுகிறது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணத்தோடு முடிகிறது. தூர்ந்துபோன கால்வாயில் மண்ணை இரண்டு கரையிலும் ஒதுக்கி வைத்தால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே இறங்கும். பலூன் வைத்த தமனிகளில் மூன்றில் ஒன்றுக்கு நெருக்கமானவை ஆறு மாதத்துக்குள் மீண்டும் சுருங்கின. ஆகவே, தூரை ஒதுக்காமல் அள்ளி வெளியே போட வேண்டும், முடிந்தால் ஆவியாக்கிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. கையருகே லேசர் இருந்தது.

லேசர் 1960 மே 16ஆம் தேதி கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் கையில் பிறந்தது. ஒளியை ஒரே நிறமாக, ஒரே திசையில், ஊசி முனையளவு இடத்தில் குவிக்கலாம் என்பதுதான் அதன் மகிமை. கண்ணாடி இழை வழியாக அதை வளைத்தும் நெளித்தும் அனுப்பலாம். தமனியும் குழாய், இழையும் குழாய்க்குள் போகக்கூடியது. யோசனை வராமல் இருக்குமா? 1983இல் டேனியல் சோய் என்ற அமெரிக்க மருத்துவர் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில், திறந்த இதய அறுவையின்போது, நோயாளிகளின் இதயத் தமனிக்குள் ஆர்கான் லேசர் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். அதே காலத்தில் கால் தமனிகளிலும் சிலர் முயன்றார்கள்.

உடனே தெரிந்துவிட்ட சிக்கல் இதுதான்: வெறும் இழை முனை கூர்மையானது, அதிலிருந்து வரும் ஒளி நேர்க்கோட்டில் போகும், தமனியோ வளைந்து போகும். வளைவு வந்ததும் ஒளி அடைப்பை விட்டுவிட்டுச் சுவரைத் துளைத்தது.

இதற்கு ஒரு சாமர்த்தியமான தீர்வு கண்டார்கள். இழையின் நுனியில் ஓர் உலோகக் குமிழைத் தொப்பி போல மாட்டிவிட்டார்கள். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் பருமன், மழுங்கிய முனை. லேசர் ஒளி உள்ளே வந்து குமிழின் உட்புறத்தில் மோதும், குமிழ் சூடாகும். காற்றில் அது 400 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டுக் குமிழை அடைப்புக்குள் முன்னும் பின்னும் தள்ள, கொழுப்பும் உறைந்த இரத்தமும் உருகிக் கருகி வழி விடும். அமெரிக்காவின் டிரைமெடைன் நிறுவனம் இதை விற்றது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டேவிட் கம்பர்லண்டும் அமெரிக்காவில் டிமதி சான்பார்னும் இதன் முன்னோடிகள். கால் தமனிகளில் முழுதாக அடைத்துப்போன 56 இடங்களில் 50இல் இது வழி திறந்தது என்று 1986இல் லான்செட் இதழில் அவர்கள் அறிக்கை வந்தது. 1987இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கால் தமனிகளுக்கு அனுமதி கொடுத்தது. அங்கிருந்து ஆரவாரம் கிளம்பிவிட்டது. லேசர் என்ற சொல்லுக்கே அப்போது ஒரு மந்திர சக்தி உண்டு. கத்தி இல்லை, இரத்தம் இல்லை, ஒளி வைத்து அடைப்பை ஆவியாக்குகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. நம் வாரப் பத்திரிகைகளின் அறிவியல் துணுக்குப் பகுதிவரை அது வந்து சேர்ந்தது.

அந்தத் துணுக்குகளில் ஒன்று எங்கள் ஊர் டீக்கடைக்கும் வந்தது. உப்பளத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா ஒருவருக்கு அப்போது இடது பாதத்தில் இரண்டு விரல் கறுத்திருந்தது. நான் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் காலைத் தொங்கவிட்டால்தான் அவருக்கு வலி கொஞ்சம் அடங்கும்.

"தம்பி, நீதான் படிச்சவன். லேசர் லேசர்ங்கறாங்களே, அது வச்சா கால எடுக்க வேணாமாம். நெசமா?"

"இங்க இன்னும் வரல பெரியப்பா. வெளிநாட்டுலதான் செய்யறாங்க."

"அது சரி. என்னாதான் அது? நெருப்பா?"

"இல்ல பெரியப்பா. லைட்டு. வெளிச்சம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "வெளிச்சம்னா? வெயில் மாதிரியா? நாங்க வெயில வச்சுத்தானடா உப்பு காய்ச்சறோம். வெயில் பட்டா தண்ணி போயிடும், உப்பு நின்னுடும். அடைப்பு தண்ணியா, உப்பா?"

எந்த இயற்பியல் வகுப்பிலும் நான் கேட்காத கேள்வி அது. பாத்தியில் வெயில் செய்வது ஒளியின் வேலை அல்ல, சூட்டின் வேலை. ஒளி தண்ணீரிலும் சேற்றிலும் விழுந்து சூடாக மாறுகிறது, அந்தச் சூடு தண்ணீரை விரட்டுகிறது. அடுப்பு மூட்டிக் காய்ச்சினாலும் உப்பு கிடைக்கும். உலோகக் குமிழ் லேசரும் அப்படித்தான். உள்ளே வந்த ஒளி ஒரு துளிகூட வெளியே போவதில்லை; குமிழைச் சூடாக்குவதோடு அதன் வேலை முடிந்தது. ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கிற சால்டரிங் அயர்னுக்கும் அதற்கும், தமனிக்குள் நடக்கிற காரியத்தைப் பொறுத்தவரை, பெரிய வித்தியாசம் கிடையாது. விலையில்தான் வித்தியாசம். சூடு வைத்தால் அடைப்பு மட்டுமா உருகும்? தமனிச் சுவர் உயிருள்ள சதை. சுட்ட இடத்தில் தழும்பு வரும். தழும்பு வளர்ந்தால் குழாய் மறுபடி அடைக்கும். கால்வாய்க் கரைக்கும் தமனிக்கும் உள்ள வேறுபாடு அது: கரைக்குப் புண் ஆறாது, தழும்பும் வராது.

பெரியப்பாவின் கேள்வி உலகத்தின் கேள்வியாகவும் ஆனது. 1990, 91 ஆண்டுகளில், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் வெளிவந்தன. குமிழைச் சூடாக்கித் தள்ளினாலும், சாதாரண வழிகாட்டிக் கம்பியால் பொறுமையாக வழி தேடினாலும், கிட்டத்தட்ட ஒரே பலன்தான். சூடு இல்லாமல் அதே குமிழைத் தள்ளினாலும் பெரும்பாலான அடைப்புகள் வழி விட்டன. அதாவது, வேலை செய்தது ஒளியும் அல்ல, சூடும் அல்ல, தள்ளிய கைதான்! டாட்டர் 1964இல் செய்த காரியத்தையே மின்சாரச் செலவோடு திரும்பச் செய்திருக்கிறார்கள். இதயத் தமனியில் முயன்றபோது சூடு பட்ட தமனி சுருங்கிப் பிடித்துக்கொண்டது. அங்கே இது நிலைக்கவே இல்லை. பலூனுக்குள் லேசரை வைத்துச் சுவரைச் சூட்டால் ஒட்டவைக்கும் இன்னொரு முறையும் வந்தது. உடனடிப் பலன் நன்றாக இருந்தது, சில மாதங்களில் மீண்டும் அடைப்பது அதிகமாக இருந்தது. 1990களின் நடுவில் சூட்டு லேசர்கள் மருத்துவமனைகளின் மூலைக்குப் போய்ச் சேர்ந்தன.

பெரியப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த நேரத்தில் எந்த நாட்டு லேசரும் அந்தக் காலைக் காப்பாற்றியிருக்காது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்த முதல் வருடத்தில் யாராவது கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், பீடியை அப்போதே நிறுத்தியிருந்தால், ஒருவேளை காப்பாற்றியிருக்கும். அந்தப் பரிசோதனைக்கு லேசர் வேண்டாம். பத்து நிமிடம் போதும். நம் வயது நண்பர்கள், நடந்தால் வலி நின்றால் சரி என்கிற வலியை "வயசாயிடுச்சு" என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் இந்த அளவைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி சென்னைக்காரர் கதை.

ரங்கசாமி சீனிவாசன் 1929இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் இளங்கலையும் முதுகலையும் 1949, 1950 ஆண்டுகளில் முடித்தார். அமெரிக்கா போய் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1961இல் நியூயார்க் மாநிலத்து ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அவர் துறை ஒளி வேதியியல். ஒளி பட்டால் மூலக்கூறுகள் எப்படி உடைகின்றன என்பதே அவருடைய வாழ்நாள் விசாரம். அவர் மருத்துவர் அல்ல, மருத்துவக் கருவி செய்பவரும் அல்ல. கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, பிளாஸ்டிக் தாளைப் புறஊதா ஒளியால் செதுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

அவர் கையில் கிடைத்தது எக்ஸைமர் லேசர். ஆர்கானும் ஃபுளோரினும் சேர்ந்த வாயுவிலிருந்து 193 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒளி, நொடியில் பத்துக் கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் துடிப்புகளாக வரும். அதைப் பிளாஸ்டிக் மேல் அடித்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மெல்லிய ஏடு கழன்று பறந்தது. ஓரம் உருகவில்லை, கருகவில்லை. கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தது. மறுபடியும் எங்கள் ஊர் வெயிலுக்கே வருகிறேன். அதே வெயில் பாத்தியில் தண்ணீரை வற்றவைக்கிறது. கொடியில் காயும் புடவையின் நிறத்தையும் வெளுக்கவைக்கிறது. முதலாவது சூட்டின் வேலை. இரண்டாவது சூட்டின் வேலை அல்ல. இஸ்திரிப் பெட்டி வெயிலைவிடப் பல மடங்கு சூடு, ஆனால் அது சாயத்தை அப்படி வெளுக்காது. வெயிலில் இருக்கிற புறஊதா ஒளி சாயத்தின் மூலக்கூறுப் பிணைப்பையே உடைக்கிறது. சீனிவாசனின் லேசர் இந்த இரண்டாவது வேலையைப் பல கோடி மடங்கு வேகமாகச் செய்தது. சூடு பக்கத்துக்குப் பரவ நேரமில்லாமல் பொருள் உடைந்து பறந்துவிடுகிறது.

பிளாஸ்டிக்கும் நீண்ட மூலக்கூறுதான், சதையும் நீண்ட மூலக்கூறுதான். அப்படியானால்? 1981 நவம்பர் 27ஆம் தேதி, அமெரிக்கர்களின் நன்றி நவிலும் பண்டிகைக்கு மறுநாள், சீனிவாசன் வீட்டில் மிச்சமான வான்கோழிக் கறியை ஆராய்ச்சிக் கூடத்துக்கு எடுத்துவந்தார். நம் வீடாக இருந்தால் அது சுண்டக் குழம்பாகியிருக்கும். எலும்பிலும் குருத்தெலும்பிலும் 193 நானோமீட்டர் ஒளியை அடித்தார். சுத்தமான வெட்டு. கூட்டாளிகளான ஜேம்ஸ் வின்னும் சாமுவேல் புளூமும் சேர்ந்துகொண்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சை நிற லேசரையும் அடித்தார்கள். அது பட்ட இடம் கருகிப்போனது. ஒரே சதை, இரண்டு ஒளி, இரண்டு விதமான காயம்.

இதைத் தமனியில் செய்து பார்த்த அறிக்கை 1984இல் வந்தது. கொழுப்புப் படிந்த தமனித் துண்டுகளில் தொலைப் புறஊதா லேசர் கருகாத பள்ளம் தோண்டியதை லின்ஸ்கர், சீனிவாசன், வின் முதலானோர் காட்டினார்கள். ஆண்டைக் கவனியுங்கள். உலோகக் குமிழுக்கு அனுமதி கிடைத்தது 1987இல். சூடு தேவையில்லை, சூடுதான் தொல்லை என்பதற்கான சாட்சியம் அதற்கு மூன்று ஆண்டு முன்பே அச்சில் இருந்தது. ஆனாலும் உலகம் குமிழின் பின்னால்தான் ஓடியது. இதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் இருந்தது: 193 நானோமீட்டர் ஒளி கண்ணாடி இழைக்குள் போகாது, இழையே விழுங்கிவிடும். ஆய்வுக்கூட மேஜையில் கிடக்கும் தமனித் துண்டை வெட்டலாம், தொடை வழியே நெஞ்சுக்குக் கொண்டுபோக முடியாது. ஆர்கான் லேசரின் நீலப் பச்சை ஒளியோ இழையில் தாராளமாகப் போகும். கையில் கிடைத்த கருவிக்கு ஏற்ப வைத்தியத்தை வளைத்தார்கள்.

வழி கண்டது லாஸ் ஏஞ்சலிஸின் சீடார்ஸ் சைனாய் மருத்துவமனைக் குழு. கிரண்ட்ஃபெஸ்ட், லிட்வாக் ஆகியோர் செனான் குளோரைடு வாயுவின் 308 நானோமீட்டர் ஒளியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது இழையில் போகும். வெட்டு 193 அளவுக்குச் சுத்தமில்லை என்றாலும், ஒளி சதைக்குள் சுமார் 50 மைக்ரான் ஆழமே இறங்கும். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. 1988இல் இதயத் தமனிக்குள் கொண்டுபோனார்கள். 1992இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

இங்கேதான் கதை நம் சினிமா மாதிரி சுபம் போட்டு முடியவில்லை. சூடு இல்லை என்றார்கள், வேறொன்று இருந்தது. இரத்தமும், எக்ஸ்ரே படத்துக்காகச் செலுத்தும் மருந்தும் 308 நானோமீட்டர் ஒளியை ஆவலாகக் குடித்துவிடும். குடித்த இடத்தில் நுண்குமிழி வெடிக்கும். அந்த அதிர்ச்சி தமனிச் சுவரைக் கிழித்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். லேசர் அடிக்கும் நேரத்தில் குழாய் வழியே சலைன் செலுத்தி இரத்தத்தையும் மருந்தையும் விலக்கிவிட்டால், ஒளி அடைப்பை மட்டும் தொடும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அவ்வளவுதான். கடல் தண்ணீரில் இருப்பது லிட்டருக்குச் சுமார் 35 கிராம். சுவர் கிழிவது இதனால் குறைந்தது என்று 1990களின் நடுவில் ஆய்வு நடத்திக் காட்டினார்கள். உப்பள ஊர்க்காரன் இந்த இடத்தில் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொள்வதை நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

அதற்குள் பந்தயம் கைமாறிவிட்டது. 1996இல் நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் நகரங்களில் 308 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எக்ஸைமர் லேசரும் மறுபாதிக்குப் பலூனும் வைத்துப் பார்த்த முடிவு வந்தது. (308 நானோமீட்டர், 308 நோயாளிகள், வெறும் தற்செயல்.) லேசர் பலூனைவிட மேலாக இல்லை. இதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1994இல், உலோக வலைக்கம்பியான ஸ்டென்ட், பலூனைவிட மறு அடைப்பைக் குறைக்கிறது என்று இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. தூரை அள்ளத் தேவையில்லை, ஒதுக்கிய கரைக்கு முட்டுக் கொடுத்தால் போதும் என்பதுதான் ஸ்டென்டின் தத்துவம். பிறகு அந்தக் கம்பிக்கு மருந்து பூசினார்கள். தழும்பு வளர்வது இன்னும் குறைந்தது. லேசரை ஜெயித்தது இன்னொரு கதிர் அல்ல, சாதாரணமான ஒரு கம்பி வலை. நம் நாட்டில் 2017 பிப்ரவரியில் அரசு விலைக்கு உச்சவரம்பு கட்டியபோது மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கும், பூசாதது 7,260 ரூபாய்க்கும் இறங்கியது. தனி இயந்திரமும் அதற்கென்று ஒருமுறை மட்டும் பயன்படும் இழையும் கேட்கிற லேசர் இந்தக் கணக்கோடு எப்படிப் போட்டி போடும்?

என்றாலும் லேசர் செத்துவிடவில்லை. பலூனே நுழையாத கெட்டியான அடைப்பு, பழைய ஸ்டென்டுக்குள் மீண்டும் வளர்ந்த அடைப்பு, இதயத்தில் ஒட்டிப்போன பழைய பேஸ்மேக்கர் கம்பியைக் கழற்றுவது ஆகிய மூன்று இடங்களில் அதற்கு இன்றும் வேலை இருக்கிறது. நம் நாட்டிலும் சில பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. கால் விஷயத்திலும் ஒரு நல்ல செய்தி உண்டு. பைபாஸ் அறுவைக்குத் தகுதியில்லை என்று கைவிடப்பட்ட 145 நோயாளிகளுக்கு, அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் எக்ஸைமர் லேசரோடு பலூனும் வைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கால் மிஞ்சியிருந்தது. 2006இல் வந்த முடிவு இது. ஒப்பிடத் தனிக் குழு இல்லாத ஆய்வு. ஆகவே பெருமை லேசருக்கா பலூனுக்கா என்று அடித்துச் சொல்ல முடியாது. என் பெரியப்பா வகை நோயாளிகள் அவர்கள்.

நண்பர் கேட்ட கண் விஷயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 193 நானோமீட்டர் ஒளி இழைக்குள் போகாததால் நெஞ்சுக்குப் போக முடியவில்லை. கண்ணுக்கு இழை எதற்கு? கருவிழி வெளியில்தானே இருக்கிறது, காற்றிலேயே அடிக்கலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கண் மருத்துவர் ஸ்டீஃபன் டிரோக்கல் சீனிவாசனிடம் வந்தார். 1983 டிசம்பரில் இருவர் பெயரும் சேர்ந்த கட்டுரை வெளியானது. 1995இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. லாசிக் என்று நம் பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றுவதற்குச் செய்துகொள்வது இதுதான். மறுபடி சுருங்க அங்கே குழாய் இல்லை, கிழிக்க இரத்தமும் இல்லை. தமனியில் திணறிய அதே ஒளி கண்ணில் தடையில்லாமல் ஓடியது.

2013 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமா கையால் சீனிவாசன், வின், புளூம் மூவரும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வாங்கினார்கள். சீனிவாசனுக்கு அப்போது வயது 83. அந்தப் பாராட்டுக் குறிப்பில் மனிதத் திசுவையும் விலங்குத் திசுவையும் எக்ஸைமர் லேசரால் செதுக்கக் கண்டுபிடித்தது பற்றியும், அதனால் வந்த கண் சிகிச்சை பற்றியும் எழுதியிருக்கிறார்கள். தமனி அதில் இடம்பெறவில்லை.